தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள், தோழர்களே!

வரும் சனிக்கிழமை மக்கள் நீதிமன்றம் கூடுகிறது. மூடிப்போன தொழிற்பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து கடனாளியான நம் பிள்ளைகளுக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. சங்கரன்கோவில், புளியங்குடி, கடையநல்லூர், சுரண்டை என்று சுற்றுவட்டாரம் முழுக்கத் தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நீதிமன்றம் என்ற எழுத்தைப் பார்த்ததுமே பல வீடுகளில் அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. போகாவிட்டால் வாரண்ட் வரும், போலீஸ் வரும், வீட்டை ஜப்தி செய்வார்கள் என்று ஆளுக்கொன்று சொல்ல, கம்மலை அடகு வைத்தாவது கட்டிவிடலாம் என்று சில அம்மாக்கள் கிளம்பிவிட்டார்கள்.

அதனால்தான் இந்த அவசர அழைப்பு. சனிக்கிழமைக்கு முன்னால் யாரும் தனியாக வங்கிப் படியேற வேண்டாம். சனிக்கிழமை யாரும் தனியாக அந்த மேசைமுன் உட்கார வேண்டாம். எந்தத் தாளிலும் தனியாகக் கையெழுத்துப் போட வேண்டாம். போவதென்றால் எல்லாரும் சேர்ந்து போவோம். ஒரே பட்டியலாகப் போவோம். ஒரே கோரிக்கையை வைப்போம்: கல்லூரியை மூடிவிட்டார்கள், எங்கள் கடன் கணக்கையும் மூடுங்கள்.

முதலில் நோட்டீஸைப் பற்றிய பயம் போகட்டும். அதை அனுப்பியிருப்பது வட்ட சட்டப் பணிகள் குழு. வங்கி நம்மேல் இன்னும் வழக்கே போடவில்லை. வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிறது, அவ்வளவுதான். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, இரு தரப்பும் மனமொப்பினால்தான் மக்கள் நீதிமன்றத்தில் தீர்வு. ஒப்பவில்லையென்றால் எழுந்து வரலாம். அதற்கு அபராதம் இல்லை, வாரண்ட் இல்லை. கடன் கட்ட முடியாமல் போனது போலீஸ் வந்து பிடிக்கிற குற்றமும் இல்லை. ஆனால் ஒப்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது. எதிரே உட்காரும் அதிகாரிக்கு இது தெரியும். நம்மில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

போன தடவை என்ன நடந்தது என்று கூட இருந்து பார்த்தோம். நீதிமன்ற வளாகத்துச் சாமியானாவுக்குக் கீழே வங்கிக்கு ஒரு மேசை, மேசை விளிம்பில் ஃபிளெக்ஸ். பெயர் கூப்பிட்டதும் ஓர் அம்மா எழுந்து போனார். பீடி சுற்றுகிறவர், விரல் நுனியெல்லாம் புகையிலைக் கறை. மகனுடைய ரசீதுகளையும் கடன் அனுமதிக் கடிதத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் துணிக்கடைப் பைக்குள் வைத்திருந்தார். அந்தப் பையை அவர் பிரிக்கவே இல்லை. பிரிக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. அதிகாரி பட்டியலில் விரல் வைத்துத் தேடி, அசல், வட்டி, மொத்தம் என்று படித்தார். ஓரத்தில் பென்சிலால் ஒரு தொகையை எழுதித் தாளைத் திருப்பிக் காட்டினார். "இன்னைக்கே ஒரு பகுதி கட்டிட்டா இதுக்கே முடிச்சுக்கலாம்மா."

"சார், அந்தப் பணத்த நாங்க கண்ணால பாத்ததே இல்லயே" என்றார் அந்த அம்மா.

"அது எனக்குத் தெரியாதும்மா. கணக்குல உங்க பேருதான் இருக்கு."

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கையெழுத்து வாங்கியாயிற்று. அடுத்த பெயர்.

அந்த அதிகாரியைத் திட்டிப் பயனில்லை, அவருக்கு மேலே இருப்பவர் அவரிடம் கணக்குக் கேட்பார். ஆனால் அந்த அம்மா சொன்ன ஒரு வரியில் நம் முழு வழக்கும் இருக்கிறது. பணத்தை அவர் பார்த்ததே இல்லை என்பது முழு உண்மை.

இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தைத்தான் வங்கிகள் பின்பற்றுகின்றன. 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் தேவையில்லை. ஆனால் அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும். கட்டணம் பருவத்துக்குப் பருவம் கல்லூரியின் கணக்குக்கே நேரடியாகப் போகும். குறுகிய காலத் தொழிற்பயிற்சிகளுக்கு 2015இல் திறன் கடன் திட்டம் வந்தது, 5,000 ரூபாயிலிருந்து 1.5 லட்சம் வரை. 2024இல் அந்த உச்சவரம்பை 7.5 லட்சமாக உயர்த்தினார்கள். தொகை ஏறிக்கொண்டே போகிறது. கல்லூரி பாதியில் மூடப்பட்டால் மாணவர் கதி என்ன என்று மட்டும் அந்தத் திட்டங்களில் ஒரு வரி கிடையாது.

நம் கதையை நமக்கே சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் தோழர்களுக்காகச் சொல்கிறோம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் ஏஜென்டுகள் தெருத்தெருவாக வந்தார்கள். கேட்டரிங், லேப் டெக்னீஷியன், ஏசி மெக்கானிக், எதில் சேர்ந்தாலும் நூறு சதவீதம் வேலை, சிங்கப்பூர், துபாய், கப்பல் என்றார்கள். கையில் காசில்லையே என்றால் லோனை நாங்களே போட்டுத் தருகிறோம் என்றார்கள். அப்பா வயலிலிருந்தும் அம்மா பீடித் தட்டிலிருந்தும் எழுந்து போய்க் கையெழுத்துப் போட்டார்கள். பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பிப் போனபோது கேட்டில் பூட்டுத் தொங்கியது. லேப் சாமான்கள் இரவோடிரவாக லாரியில் போய்விட்டன. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ஒரிஜினல் சான்றிதழ்கள் உள்ளே மாட்டிக்கொண்டன. நிர்வாகியின் செல்போன் அன்றிலிருந்து அணைந்தே கிடக்கிறது.

கடன் மட்டும் அணையவில்லை. படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டும்தான் தவணை ஒத்திவைப்பு. அதன்பின் அதுவரைக்குமான வட்டியை அசலோடு சேர்த்து மாதத் தவணை போட்டார்கள். கட்டவில்லை என்றதும் பிள்ளையின் பெயரோடு அப்பாவின் பெயரும் கடன் வரலாற்றைப் பதியும் சிபிலில் ஏறியது. பயிர்க்கடன் கேட்டுப் போன அப்பாவை அந்தக் கிளையிலேயே திருப்பி அனுப்பினார்கள். நகைக்கடனைக் கட்டி முடித்த ஒருவரிடம், மகன் கடனுக்குப் பதில் சொல்லிவிட்டு நகையை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் கணக்கில் விழுந்ததும் பழைய பாக்கிக்கென்று அதையே வங்கிகள் பிடிக்கத் தொடங்க, அப்படிப் பிடிக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை விட வேண்டி வந்ததை நாம் மறக்கவில்லை.

கூட்டத்துக்கு வரத் தயங்குகிற பலர் சொல்வது ஒன்றுதான்: "வாங்கின கடனைக் கட்டுறதுதானே நியாயம்? ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கடன் என்றால் மானம் என்று வளர்ந்த மக்கள் நாம். வாங்கிய கைமாற்றைப் பட்டினி கிடந்தாவது கொடுப்பவர்கள். அந்த நேர்மைதான் நம்மை இத்தனை நாள் வாய் மூட வைத்தது. தீபாவளிக்கு ஊருக்கு வராமல் திருப்பூரிலேயே தங்கிவிடுகிற பையன்களும், மாப்பிள்ளை வீட்டாருக்குக் கடன் விஷயம் தெரிந்துவிடுமோ என்று நடுங்குகிற பெண்பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரே தெருவில் மூன்று வீட்டுக்கு நோட்டீஸ் வந்தும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் இருந்திருக்கிறார்கள்.

அவர்களிடம் நாம் கேட்பது இதுதான். நீங்கள் வாங்கியது படிப்புக்கான கடன். படிப்பு எங்கே? சான்றிதழ் எங்கே? அந்தக் கல்லூரியை நம்பத்தக்கது என்று ஏற்றது வங்கி. பணத்தை அதன் கணக்குக்கு அனுப்பியதும் வங்கி. வகுப்பு நடக்கிறதா, ஆசிரியர் இருக்கிறாரா என்று ஒருநாளாவது போய்ப் பார்க்காமல் அடுத்த பருவத்துக்கும் அனுப்பியது அதே வங்கி. பணத்தை வாங்கிக்கொண்டு ஓடியவர் வேறு ஆள். அவரைத் தேடிப் பிடிக்கிற வேலையை விட்டுவிட்டு, முகவரி தெரிந்த ஏழையைப் பிடித்து உலுக்குவது எந்த ஊர் நியாயம்? வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் இல்லை.

வங்கிகள் தங்களுக்குள் இந்தக் கடனை எப்படி நடத்துகின்றன என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2015இல் மத்திய அரசு கல்விக் கடனுக்கான உத்தரவாத நிதியம் ஒன்றை ஏற்படுத்தியது. அதில் சேர்த்த கடன் 7.5 லட்சம் வரை வாராமல் போனால் இழப்பில் 75 சதவீதத்தை நிதியம் வங்கிக்கு ஈடுசெய்யும். அதன் பிறகும் குடும்பத்தைத் துரத்துவது நிற்காது. அதே சமயத்தில்தான் பாரத ஸ்டேட் வங்கி தன் வாராக் கல்விக் கடன்களில் பெருந்தொகையை ரிலையன்ஸ் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றது. நூறு ரூபாய்க் கடன் 45 ரூபாய்க்குப் போனது. 45 ரூபாய்க்குத் தனியார் நிறுவனத்துக்குத் தரத் தயாராக இருந்த கடனை, அதே 45 ரூபாய்க்குத் தீர்த்துக்கொள்ளச் சொல்லி மாணவரிடம் முதலில் கேட்டிருக்கலாமே? கேட்கவில்லை. கடனை விலைக்கு வாங்கிய நிறுவனத்தின் வசூல் ஆட்கள் வீடுகளுக்குப் போனார்கள். 2016 ஜூலையில் மதுரையில் ஒரு கட்டடத் தொழிலாளியின் மகன், பொறியியல் முடித்த இளைஞன், உயிரை விட்டான். வசூல் நெருக்கடிதான் காரணம் என்று குடும்பத்தார் கதறினார்கள். அந்தச் சாவு நம் யார் வீட்டிலும் நடக்கக் கூடாது. யாருக்காவது மனம் உடைந்து போகிறது என்றால் இரவு எந்நேரமானாலும் நம்மில் ஒருவரைக் கூப்பிடுங்கள். அரசின் 104 எண்ணிலும் 14416 எண்ணிலும் ஆறுதலாகப் பேச ஆள் இருக்கிறார்கள்.

கேட்டால் கிடைக்குமா என்கிறீர்கள். கிடைத்திருக்கிறது. இதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவில் கொரிந்தியன் கல்லூரிகள் என்று ஒரு கம்பெனி. 1995இல் தொடங்கி, எவரெஸ்ட், ஹீல்ட், வயோடெக் என்ற பெயர்களில் நூற்றுக்கு மேற்பட்ட வளாகங்கள். மருத்துவ உதவியாளர், மெக்கானிக், அலுவலக வேலை என்று நம் பிள்ளைகள் படித்த அதே மாதிரிப் படிப்புகள்தான். 2010 வாக்கில் லட்சத்துக்கு மேல் மாணவர்கள். கம்பெனியின் வருமானத்தில் பெரும்பகுதி அரசின் மாணவர் கடன். யாரைக் குறிவைத்துச் சேர்ப்பது என்பதை அவர்களின் உள் ஆவணங்களிலேயே எழுதி வைத்திருந்தார்கள்: தன்னம்பிக்கை குறைந்தவர்கள், அக்கறையோடு விசாரிக்க ஆளில்லாதவர்கள், வாழ்க்கையில் முட்டி நிற்பவர்கள். கலிஃபோர்னியா அரசு 2013இல் தொடுத்த வழக்கில் இது வெளியே வந்தது. வேலைவாய்ப்புக் கணக்கும் புளுகுதான். முடித்தவர்களைச் சில நாள் வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி நிறுவனங்களுக்குக் கம்பெனியே காசு கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் வேலை கிடைத்தது என்று விளம்பரம் செய்தார்கள். அரசுக் கடன் போதாதபோது கம்பெனி தன் ஏற்பாட்டில் கொடுத்த தனியார் கடனுக்கு 15 சதவீதம் போல வட்டி. அந்தக் கடன் வாங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோரால் மூன்றாண்டு தாக்குப்பிடிக்க முடியவில்லை.

2015 ஏப்ரல் 27 அன்று மிச்சமிருந்த 28 வளாகங்களையும் ஒரே நாளில் இழுத்துப் பூட்டினார்கள். 16,000 மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

அங்கே ஒரு சட்டம் உண்டு. கல்லூரி மூடும்போது படித்துக்கொண்டிருந்தவர்களும், அன்றைய விதிப்படி மூடுவதற்கு முந்தைய 120 நாளுக்குள் விலகியவர்களும் அரசுக் கடனை ரத்துச் செய்யும்படி கேட்கலாம். நம் நாட்டில் இல்லாத அந்த ஒரு வரி அங்கே இருக்கிறது. ஆனால் அதற்கு முன்பே விலகியவர்களுக்கும் படித்து முடித்தவர்களுக்கும் அது பொருந்தாது. கம்பெனி அதற்கு முன்பே ஐம்பதுக்கு மேற்பட்ட வளாகங்களை வேறொரு நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்டதால் அவை மூடப்பட்டதாகவே கணக்கில் வரவில்லை. ஆக, ஏமாந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கதவு சாத்தியே இருந்தது.

ஆனால் கல்லூரி மூடுவதற்கு முன்பே பதினைந்து பேர் எழுந்திருந்தார்கள். 2015 பிப்ரவரியில், இந்தக் கடனை இனி ஒரு சென்ட்கூடக் கட்ட மாட்டோம் என்று பகிரங்கமாக அறிவித்தார்கள். கொரிந்தியன் பதினைவர் என்று ஊர் பேசியது. அவர்களுக்குப் பின்னால் நின்றது கடனாளிகளே கட்டிய கடன் கூட்டமைப்பு. 2011இல் நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டில் அமர்ந்த போராட்டத்திலிருந்து முளைத்தது அது. அந்தத் தோழர்கள் அதற்கு முன்பே ஒரு காரியம் செய்திருந்தார்கள். எவரெஸ்ட் மாணவர்களின் 38 லட்சம் டாலர் தனியார் கடனை, வாராக் கடன் சந்தையில் டாலருக்கு மூன்று சென்ட் போல விலை கொடுத்து வாங்கி, மொத்தமாகக் கிழித்துப் போட்டார்கள். நூறு ரூபாய்க் கடன் மூன்று ரூபாய்க்கு விலைபோகிறது என்று ஊரறியக் காட்டினார்கள். நாமும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு சட்டப் புத்தகத்தைப் புரட்டினார்கள். கல்லூரி பொய் சொல்லிச் சேர்த்திருந்தால் கடன் வாங்கியவர் திருப்பிக் கட்ட மறுக்கலாம் என்று தொண்ணூறுகளில் எழுதிவைத்த ஒரு விதி தூசி படிந்து கிடந்தது. அதற்கு ஒரு விண்ணப்பப் படிவம்கூட அரசிடம் இல்லை. படிவத்தைத் தோழர்களே தயாரித்தார்கள். எந்தக் கல்லூரி, என்ன வாக்குறுதி, என்ன பொய், எவ்வளவு கடன் என்று ஒவ்வொருவரும் எழுதினார்கள். 2015 மார்ச் 31 அன்று வாஷிங்டனில் அதிகாரிகளோடு பேச்சுவார்த்தைக்குப் போனபோது நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களை ஒரு சிவப்புப் பெட்டியில் அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பதினைந்து பேர் அதற்குள் நூறு பேர் ஆகியிருந்தார்கள்.

உடனே வெற்றி வந்துவிடவில்லை. கட்ட மறுத்தவர்களின் சம்பளத்தில் 15 சதவீதம் வரை கோர்ட்டுக்குப் போகாமலே பிடிக்க அங்கே அரசுக்கு அதிகாரம் உண்டு. வரி திருப்பித் தரும் தொகையையும் எடுத்துக்கொள்ளும். அதையெல்லாம் தாங்கினார்கள். 2017இல் ஆட்சி மாறியதும் விண்ணப்பங்கள் கிடப்பில் போயின. 2019இல் ஒன்றரை லட்சத்துக்கு மேல் தேங்கி நின்றன. வசூலிக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடுத்த பிறகும் கொரிந்தியன் மாணவர்களிடம் வசூல் தொடர, 2019 அக்டோபரில் நீதிபதி சாலி கிம் கல்வித் துறைக்கே ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டார். ஆட்சி போய் ஆட்சி வந்தும் அவர்கள் பட்டியலைக் கலைக்கவில்லை, கூட்டத்தை விடவில்லை.

2022 ஜூன் மாதம் அமெரிக்க அரசு அறிவித்தது: கொரிந்தியனில் 1995 முதல் மூடும்வரை படித்த அத்தனை பேரின் அரசுக் கடனும் ரத்து. 5,60,000 பேர், 580 கோடி டாலர். விண்ணப்பம் போட்டவர், போடாதவர் என்ற வித்தியாசமே இல்லை. இரண்டே மாதத்தில், 2016இல் மூடப்பட்ட ஐடிடி டெக் என்ற இன்னொரு தொழிற்கல்லூரியின் மாணவர்கள் 2,08,000 பேருக்கு 390 கோடி டாலர். பதினைந்து பேர் தொடங்கியது இது, தோழர்களே!

அமெரிக்கா சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 2025 மே மாதம் அங்கே தவணை தவறியவர்களிடம் கட்டாய வசூலை மறுபடி தொடங்கிவிட்டார்கள். கூட்டம் கலைந்தால் கொடுத்ததையும் பிடுங்குவார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளத்தில் 2017இல் கல்விக் கடன் அடைக்க உதவும் திட்டத்துக்கு அரசு 900 கோடி ரூபாய் ஒதுக்கியது. 4 லட்சம் வரையான வாராக் கடனில் 60 சதவீதத்தை அரசே ஏற்றது. செங்கோட்டை தாண்டினால் ஆரியங்காவு, அந்தப் பக்கம் முடிந்தது இந்தப் பக்கம் ஏன் முடியாது? நம் மாநிலத்திலேயே 2021 பிப்ரவரியில் கூட்டுறவு வங்கிப் பயிர்க்கடன் 12,110 கோடியைத் தள்ளுபடி செய்தார்கள், 16 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாயிகளுக்கு. விவசாயிகள் சங்கமாக நின்று ஆண்டுக்கணக்கில் கேட்டதற்குக் கிடைத்தது அது. அதே ஆண்டுத் தேர்தலில் திமுக, அதிமுக இரண்டு கட்சிகளுமே கல்விக் கடன் தள்ளுபடி என்று அறிக்கையில் எழுதின. எழுதியதை நினைவுபடுத்த நம் பிள்ளைகளுக்கு ஒரு சங்கம் இல்லாமல் போனது.

வங்கிக்கு நட்டம் என்று யாராவது சொன்னால் இதையும் சொல்லுங்கள். 2014-15 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரூபாய் வாராக் கடனைக் கணக்கிலிருந்து நீக்கியதாக அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. அதில் பாதிக்கு மேல் பெரிய தொழில் நிறுவனங்களின் கடன். நீக்குவது தள்ளுபடி ஆகாது, வசூல் தொடரும் என்பார்கள். சரி, அந்த முதலாளிகளில் யாருடைய அம்மாவைச் சாமியானாவுக்குக் கீழே உட்கார வைத்துப் பென்சிலால் எழுதிக் காட்டினார்கள்?

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று வக்கீல் தோழர்கள் கேட்டார்கள். பாட்னாவில் அங்கீகாரமே இல்லாமல் மாணவர்களைச் சேர்த்த ஒரு பல் மருத்துவக் கல்லூரி கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து இழப்பீடும் தர வேண்டும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நமக்குச் சாதகம். ஆனால் கல்வி நிறுவனங்கள், தொழிற்கல்வி உட்பட, நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தேசிய ஆணையம் 2020இல் சொல்லிவிட்டதால் அந்த வழி மிகவும் குறுகிவிட்டது. தனித்தனி வழக்காகப் போனால் நாம் கிழவராகிவிடுவோம்.

ஆகவே சனிக்கிழமை வங்கியிடம் வைக்கப்போவது இவை. கல்லூரி மூடிய நாளிலிருந்து வட்டியை நிறுத்த வேண்டும், போட்ட வட்டியை நீக்க வேண்டும். கட்டணத்தை வாங்கிய அறக்கட்டளை மீதும் அதன் நிர்வாகிகள் மீதும் வங்கி நடவடிக்கை எடுக்க வேண்டும். அது முடியும்வரை நம்மிடம் வசூல் கூடாது. எந்தக் கடனையும் வெளி நிறுவனத்துக்கு விற்கக் கூடாது. பிள்ளைகள், பெற்றோர் இருவர் பெயரையும் சிபிலில் சரிசெய்ய வேண்டும். மாநில அரசிடம் கேட்பது கேரளத்தைப் போல ஒரு திட்டம், மாட்டிக்கொண்ட சான்றிதழ்களை மீட்டுத் தருவது, படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு அரசு ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் இடம். மத்திய அரசிடமும் வங்கிகள் சங்கத்திடமும் கேட்பது அந்த ஒரே ஒரு வரி: கல்வி நிறுவனம் மூடப்பட்டால் மாணவரும் பெற்றோரும் கடனிலிருந்து விடுபடுவர்.

இவற்றை ஒப்பாத எந்தத் தாளிலும் கையெழுத்து இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். வங்கி வழக்குப் போட மூன்றாண்டுக் காலவரம்பு உண்டு. பாக்கி உண்மைதான் என்று எழுதிக் கொடுத்த நாளிலிருந்து அந்த மூன்றாண்டு புதிதாகத் தொடங்கும். 'சும்மா ஒரு கையெழுத்துதான்' என்று நீட்டுகிற தாள் பல சமயம் அதுவாகத்தான் இருக்கும். வக்கீல் தோழர் படிக்காமல் எதையும் தொடாதீர்கள். தொகையைக் குறைத்து முடித்துக்கொள்ளலாம் என்பதற்கும் உடனே தலையாட்டாதீர்கள். அப்படி முடித்தால் முழுதும் கட்டியதாக ஆகாது. குறைத்துத் தீர்த்தவர் என்ற அடையாளம் சிபிலில் நிற்கும். நாளைக்கு ஒரு ஆட்டோ வாங்கக் கடன் கேட்டாலும் குறுக்கே வரும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்தால், மிரட்டினால், தேதியும் நேரமும் எண்ணும் குறித்து வையுங்கள். ரிசர்வ் வங்கி 2022இல் அதைத் தடை செய்திருக்கிறது. முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு. ஒரு காசு செலவில்லை.

அதற்குமுன் ஞாயிற்றுக்கிழமை நாம் கூடியாக வேண்டும். காலை 10 மணி, வழக்கமாகக் கூடும் விவசாயிகள் சங்கக் கட்டடம். கடன் அனுமதிக் கடிதம், வங்கிப் பாஸ்புக், கல்லூரி ரசீது, அடையாள அட்டை, ஏஜென்ட் கொடுத்த விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாக்குறுதி, எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். ஒன்றுமே இல்லையென்றாலும் வாருங்கள், நோட்டீஸ் மட்டும் போதும். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதும் தோழர்கள் இருப்பார்கள். கல்லூரியை யார் ஆய்வு செய்தது, எந்தெந்தத் தேதியில் எந்தக் கணக்குக்கு எவ்வளவு அனுப்பப்பட்டது, உத்தரவாத நிதியத்திடம் வங்கி ஈடு கேட்டதா என்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒவ்வொரு கடனுக்கும் கேட்போம். படித்த பிள்ளைகள் படிவம் நிரப்பும் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பூரிலும் சென்னையிலும் கேரளத்திலும் வேலையில் இருப்பவர்கள் வர முடியாவிட்டால் அப்பா அம்மாவை அனுப்புங்கள், அவர்களும் கடனாளிகள்தான், அவர்களுக்கும் பட்டியலில் இடம் உண்டு.

உங்கள் தெருவில் நோட்டீஸ் வந்தும் சொல்லாமல் இருக்கிற வீடு எது என்று உங்களுக்குத் தெரியும். இன்று இரவே அந்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எங்களுக்கும் வந்திருக்கிறது என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள்.